அமெரிக்காவுல தொகுதிக் கோட்டை யாரு போடறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஆகஸ்ட்ல, தொகுதிக் கோட்டை மாத்தி வரையறதைத் தடுக்கணும்னு டெக்சாஸ் டெமாக்ரட் எம்எல்ஏக்கள் கூண்டோட கிளம்பி இல்லினாய்ல போய் உக்காந்தாங்க இல்ல, அன்னிக்கு ஆரம்பிச்சது, இந்தக் கோடு சண்டை என்னங்கற கேள்வி. சித்தப்பா கேக்கறார், காலேஜ் ஃப்ரெண்டு கேக்கறான், இங்க எம்எஸ் படிக்க வந்த தெரிஞ்சவங்க வீட்டுப் பொண்ணு கேக்குது. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை வத்திப் போச்சு, அதான் மொத்தமா எழுதிட்டேன். நான் இருக்கறது நார்த் கரோலினா, இந்த விஷயத்துல ரொம்ப அடிபட்ட ஸ்டேட், அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தி பேசிருப்பேன், பொறுத்துக்குங்க.

ஜெரிமாண்டரிங்னா என்னங்க?

ஒரு தெரு எந்தத் தொகுதியில வரணும்ங்கறதை, அந்தத் தெருவுல யாருக்கு ஓட்டு விழும்னு பாத்து முடிவு பண்றது. அவ்வளவுதான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, இங்க டிஸ்ட்ரிக்ட்னா மாவட்டம் இல்ல, தொகுதி. மாவட்டம் மாதிரி இருக்கறதுக்குப் பேரு கவுண்ட்டி. நியூஸ் படிக்கும்போது பாதிப் பேர் இதுலயே குழம்பிடறாங்க.

ஓட்டு அதே ஓட்டுதானே, கோடு மாத்தினா ரிசல்ட் எப்படி மாறும்?

25 வீடு இருக்கற ஒரு காலனின்னு வெச்சுக்குங்க. 15 வீடு காப்பி கட்சி, 10 வீடு டீ கட்சி. அஞ்சஞ்சு வீடா அஞ்சு வார்டு பிரிக்கணும். பேனா காப்பிக்காரர் கையில இருந்தா ஒவ்வொரு வார்டுலயும் 3 காப்பி வீடு 2 டீ வீடுன்னு பிரிச்சு விட்டுடுவார், அஞ்சு வார்டும் காப்பிக்கே, 10 வீட்டுக்கும் ஒரு கவுன்சிலர்கூட கிடையாது. அதே பேனா டீக்காரர் கைக்குப் போச்சுன்னா? மூணு வார்டுல 3 டீ 2 காப்பின்னு வெப்பார், மிச்சம் இருக்கற 9 காப்பி வீட்டையும் ஒரே ஒரு டீ வீட்டோட சேத்து கடைசி ரெண்டு வார்டுல அடைச்சுடுவார். இப்ப 10 வீட்டுக்காரங்க 3 வார்டு, 15 வீட்டுக்காரங்க 2 வார்டு. ஒருத்தர் ஓட்டும் மாறல, ஒருத்தரும் வீடு காலி பண்ணல, கள்ள ஓட்டு ஒண்ணுகூட விழல.

எதிராளி ஓட்டை ஒரே இடத்துல குவிச்சு வீணடிக்கறதுக்கு பேக்கிங்னு சொல்வாங்க, எங்கயும் ஜெயிக்க முடியாதபடி சிதறடிக்கறதுக்குப் பேரு கிராக்கிங். மொத்த வித்தையும் இந்த ரெண்டுதான். ஆனா இப்ப கம்ப்யூட்டர்ல தெருத்தெருவா பழைய ஓட்டுக் கணக்கு இருக்கறதால இதை ரொம்ப நறுக்குன்னு பண்ண முடியுது.

இந்தப் பேரு எங்கேர்ந்து வந்துச்சு?

1812ல மாசசூசெட்ஸ் கவர்னரா எல்பிரிட்ஜ் கெரின்னு ஒருத்தர். அவரோட கட்சி ஸ்டேட் செனட் (ஸ்டேட் சட்டசபையோட மேல்சபை) தொகுதிகளை வளைச்சு வளைச்சு போட்டுச்சு, அவர் கையெழுத்து போட்டார். அதுல ஒரு தொகுதி பாக்க சாலமாண்டர், அதாவது பல்லி மாதிரி ஒரு ஜந்து, அந்த வடிவத்துல இருக்குன்னு பாஸ்டன்ல ஒரு பேப்பர் அதுக்கு நகமும் றெக்கையும் வெச்சு கார்ட்டூன் போட்டுடுச்சு, கெரி பேரையும் சாலமாண்டரையும் ஒட்டி ஒரு பேரும் வெச்சுடுச்சு. அந்த வருஷ எலெக்ஷன்ல கெரி தோத்துட்டார், ஆனா அந்தக் கோடு தன் வேலையைச் செஞ்சுது, ஸ்டேட் செனட் அவங்க கட்சி கையிலயேதான் இருந்துச்சு.

சட்டப்படி இந்தக் கோட்டை யார் போடணும்?

பத்து வருஷத்துக்கு ஒருதடவை சென்சஸ். அது முடிஞ்சதும் பிரதிநிதிகள் சபையோட, அதாவது நம்ம லோக்சபா மாதிரி இருக்கற சபையோட 435 சீட்டை ஜனத்தொகைப்படி 50 ஸ்டேட்டுக்கும் பிரிப்பாங்க, இது வெறும் கணக்கு, இதுல தில்லுமுல்லுக்கு இடமில்ல. 2020 சென்சஸ்ல நியூயார்க் ஒரு சீட்டை இழந்தது வெறும் 89 பேர் கம்மியா இருந்ததால, அவ்வளவு கறாரான கணக்கு. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஸ்டேட்டும் தனக்கு வந்த சீட்டுக்குக் கோடு போடணும். பெரும்பாலான ஸ்டேட்ல அதைப் போடறது ஸ்டேட் சட்டசபை, அதாவது அப்ப மெஜாரிட்டில இருக்கற கட்சி. எம்எல்ஏக்கள் தங்களோட சொந்தத் தொகுதிக்கும் தாங்களே கோடு போட்டுக்கறாங்க, பரீட்சை எழுதற பையனே கேள்வித்தாளும் ரெடி பண்ற கதை.

நம்ம ஊர்ல பேசற தொகுதி மறுவரையறையும் இதுவும் ஒண்ணா?

இல்ல. நம்ம ஊர் சண்டை எந்த ஸ்டேட்டுக்கு எத்தனை எம்பி சீட்டுங்கறதைப் பத்தி, ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தின தமிழ்நாட்டுக்குப் பங்கு குறைஞ்சுடுமோன்னு பயம். இங்க சண்டை அந்த எண்ணிக்கையில இல்ல, ஸ்டேட்டுக்குள்ள கோடு எப்படிப் போகுதுங்கறதுல. இந்தியாவுல உள்கோட்டைப் போடறது சட்டசபை கிடையாது, டிலிமிடேஷன் கமிஷன், சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா இருந்தவர் தலைமையில. அதுலயும் குறை சொல்றவங்க உண்டு, ஆனா ஆளும் கட்சி எம்எல்ஏ ரூம்ல உக்காந்து மவுஸைப் பிடிச்சு தன் தொகுதியை வரையற காட்சி அங்க இல்ல.

நார்த் கரோலினால அப்படி என்னதான் நடந்துச்சு?

மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க. இது ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஸ்டேட். 2024ல ஒரே நாள் ஒரே பூத்ல ஜனங்க ட்ரம்ப்பையும் ஜெயிக்க வெச்சாங்க, டெமாக்ரட் கவர்னரையும் ஜெயிக்க வெச்சாங்க. அப்படிப்பட்ட ஊர்ல 1990கள்ல டெமாக்ரட் சட்டசபை 12வது தொகுதின்னு ஒண்ணு வரைஞ்சுது, கறுப்பின மக்கள் மெஜாரிட்டியா வரணும்னு, ஐ-85 ஹைவே ஓரமாவே சுமார் 160 மைல் பாம்பு மாதிரி போகும், பல இடத்துல ரோட்டு அகலம்தான் தொகுதி அகலம். அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு.

2010ல ரிபப்ளிகன்ஸ் சட்டசபையைப் பிடிச்சாங்க, 2011ல அவங்க மேப். 2012 எலெக்ஷன்ல ஸ்டேட் முழுக்கக் கூட்டினா டெமாக்ரட்ஸ்க்குதான் ஓட்டு ஜாஸ்தி, கிடைச்சது 13ல 4 சீட்டு. அப்புறம் அதுல ரெண்டு தொகுதி இனத்தைப் பாத்து பிரிச்சதுன்னு 2016ல கோர்ட் அடிச்சுடுச்சு. சரி, திருந்திடுவாங்கன்னு பாத்தா, புது மேப் கமிட்டித் தலைவர் டேவிட் லூயிஸ் கூட்டத்துல எழுந்து வெளிப்படையாவே சொல்றார், 10 ரிபப்ளிகன் 3 டெமாக்ரட் வர மாதிரி போடலாம்னு, ஏன்னா 11க்கு 2 போட முடியும்னு தனக்குத் தோணலையாம். இனம் பாத்து பிரிச்சா தப்பு, கட்சி பாத்து பிரிச்சா தப்பில்லைன்னு வக்கீல் மூளை. கிரீன்ஸ்போரோல நார்த் கரோலினா ஏ அண்ட் டி யுனிவர்சிட்டி, கறுப்பின மாணவர்கள் நிறைய படிக்கற பழைய யுனிவர்சிட்டி, அந்த கேம்பஸ் நடுவுலயே கோடு போச்சு. பாதி ஹாஸ்டல் ஒரு தொகுதி, மீதி இன்னொரு தொகுதி.

மிச்சிகன் யுனிவர்சிட்டி ப்ரொஃபசர் ஜோவே சென் கம்ப்யூட்டரை விட்டு, கட்சி பாக்காம சட்டத்துக்கு உட்பட்டு 3,000 மேப் போடச் சொன்னார். 3,000ல ஒண்ணுகூட 10க்கு 3 வரல, எல்லாத்துலயும் குறைஞ்சது ஒரு டெமாக்ரட் கூடுதலா வந்தாங்க. தற்செயலா நடந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாம போனது இதனாலதான்.

இதுக்கப்புறம் ஸ்டேட் கோர்ட் தலையிட்டு 2020ல 8க்கு 5 ஆச்சு. சென்சஸ்ல ஒரு சீட்டு கூடி மொத்தம் 14. 2022ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் சட்டசபை போட்ட மேப்பைத் தூக்கிட்டு வேற மேப் வந்து சரிபாதியா 7க்கு 7. இங்க ஜட்ஜுகளும் எலெக்ஷன்ல நிக்கறாங்க பாருங்க, அதே எலெக்ஷன்ல கோர்ட்ல ரிபப்ளிகன் மெஜாரிட்டி வந்துச்சு, 2023 ஏப்ரல்ல அதே கேஸை மறுபடி விசாரிச்சு முந்தின தீர்ப்பையே தலைகீழா மாத்திட்டாங்க. புது மேப், 2024ல 10க்கு 4. அதுவும் போதாதுன்னு 2025 அக்டோபர்ல இன்னொரு மேப், 11வது சீட்டுக்கு. கவர்னர் வீட்டோ பண்ணலாமேன்னு கேப்பீங்க, எங்க ஸ்டேட்ல மேப் மசோதாவுக்கு அவருக்கு வீட்டோ கிடையாது. நான் வீடு மாறவே இல்ல, என் தொகுதி நம்பர் மட்டும் மாறிட்டே இருக்கு, யாருக்கு ஓட்டுப் போடணும்னு யோசிக்கறதுக்கு முன்னாடி யார் நிக்கறாங்கன்னு முதல்லேர்ந்து தேட வேண்டியிருக்கு.

அப்ப ரிபப்ளிகன்ஸ்தான் இதைப் பண்றாங்களா?

ஐயோ இல்ல. மேரிலாண்ட்ல 2011ல டெமாக்ரட்ஸ் போட்ட மேப்ல 3வது தொகுதியைப் பாத்துட்டு ஒரு ஃபெடரல் (மத்திய அரசு) கோர்ட் ஜட்ஜ், றெக்கை உடைஞ்ச டெரோடாக்டைல் மாதிரி இருக்குன்னு எழுதினார், அதாவது டைனோசர் காலத்துல பறந்துச்சே, அது. அதே மேப்ல 6வது தொகுதியில இருபது வருஷம் எம்பியா இருந்த ரிபப்ளிகன் 2012ல காலி. இல்லினாய்ல இப்ப இருக்கற மேப்பும் டெமாக்ரட்ஸ் அவங்களுக்கு வசதியா போட்டதுதான், நம்ம தமிழ்க் குடும்பத்து டெமாக்ரட் ராஜா கிருஷ்ணமூர்த்தி ஜெயிச்ச 8வது தொகுதியும் அந்த மேப்லதான் வருது, நம்மாளுன்னு கண்ணை மூடிக்க முடியாது. 2010க்கு அப்புறம் ரிபப்ளிகன்ஸ் கையில சட்டசபைகள் ஜாஸ்தி இருந்துச்சு, அதனால அவங்க பண்ணினது எண்ணிக்கையில ஜாஸ்தி. பேனா கிடைச்சா ரெண்டு பேரும் எழுதறாங்க.

கோணல்மாணலா இருந்தாலே திருட்டுன்னு எடுத்துக்கலாமா?

இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. சிகாகோல பழைய 4வது தொகுதி காதுல மாட்டற இயர்மஃப் மாதிரி இருக்கும், ரெண்டு பெரிய துண்டை ஹைவே ஓரமா ஒரு மெல்லிசு கோடு சேக்கும். பாத்தா அசிங்கம், ஆனா ரெண்டு லத்தீனோ குடியிருப்பையும் சேத்து அவங்களுக்கு ஒரு எம்பி வரட்டும்னு போட்டது. அதேமாதிரி சப்பையா சதுரமா அழகா இருக்கற மேப்ல அநியாயம் ஒளிஞ்சிருக்கலாம்.

சீட்டுக் கணக்கு ஓட்டுக் கணக்கோட ஒத்துப் போகலைன்னாலும் அது மட்டும் ஆதாரம் இல்ல. மாசசூசெட்ஸ்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பேர் ரிபப்ளிகன் பக்கம், ஆனா 1996லேர்ந்து இன்னிவரைக்கும் ஒரு ரிபப்ளிகன்கூட அங்கேர்ந்து பிரதிநிதிகள் சபைக்கு ஜெயிக்கல. காரணம் அவங்க ஸ்டேட் முழுக்க சமமா பரவி இருக்கறது, எப்படிக் கோடு போட்டாலும் மெஜாரிட்டி தேறறது கஷ்டம். டெமாக்ரட்ஸ் நகரத்துல குவிஞ்சு கிடக்கறதால பல ஸ்டேட்ல அவங்களுக்குத் தானாவே கொஞ்சம் நஷ்டம். ஆனா விஸ்கான்சின்ல 2018ல ஸ்டேட் அசெம்பிளிக்கு டெமாக்ரட்ஸ் சுமார் 53 சதவீதம் ஓட்டு வாங்கி 99ல 36 சீட்டுதான் எடுத்தாங்க, அதை பூகோளம்னு சொல்லி முடிச்சுட முடியாது. கோர்ட் அடிச்சு 2024ல புது மேப் வந்ததும் அதே அசெம்பிளி ரிபப்ளிகன் 54, டெமாக்ரட் 45ன்னு வந்து நின்னுச்சு.

சுப்ரீம் கோர்ட் என்னதான் பண்ணுது?

1960கள்ல நல்லது பண்ணுச்சு, தொகுதிக்குத் தொகுதி ஜனத்தொகை சமமா இருக்கணும்னு கட்டாயமாக்குச்சு. இனத்தை வெச்சு பிரிச்சா கேஸ் போடலாம்னும் சொல்லுச்சு. ஆனா கட்சி பாத்து பிரிக்கறதைப் பத்தி 2019 ஜூன்ல, எங்க ஸ்டேட்டோட 10க்கு 3 மேப்பும் அந்த மேரிலாண்ட் மேப்பும் ஒண்ணா வந்தப்ப, 5க்கு 4ன்னு கை கழுவிடுச்சு. சீஃப் ஜஸ்டிஸ் ராபர்ட்ஸ் தீர்ப்போட சாரம் என்னன்னா, இது அநியாயமா இருக்கலாம், ஆனா எவ்வளவு அநியாயம்னா ஜாஸ்தின்னு அளக்க ஃபெடரல் கோர்ட்கிட்ட அளவுகோல் இல்ல, ஸ்டேட் கோர்ட்டோ ஸ்டேட் சட்டமோ கமிஷனோ பாத்துக்கட்டும்னு. அதனாலதான் இப்ப எல்லாரும் கமிஷன் கமிஷன்னு பேசறாங்க.

கமிஷன்னு சொல்றீங்களே, அது எப்படி வேலை செய்யுது?

கமிஷன்னு போர்டு மாட்டினதெல்லாம் கமிஷன் இல்ல. நான் பாக்கறது ரெண்டே விஷயம்: ஆளை யார் பொறுக்கறாங்க, அவங்களுக்குள்ள ஒத்துப் போகலைன்னா பேனா யார் கைக்குத் திரும்பிப் போகுது.

கலிஃபோர்னியாவுல 2008ல ஜனங்களே ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்தாங்க, 2010ல காங்கிரஸ் (கட்சி இல்ல, இங்கத்து பார்லிமெண்ட்) தொகுதிகளையும் அதுக்குள்ள சேத்தாங்க. 14 பேர், 5 டெமாக்ரட், 5 ரிபப்ளிகன், 4 பேர் ரெண்டுலயும் சேராதவங்க. ஸ்டேட் ஆடிட்டர் ஆபீஸ் விண்ணப்பத்தை வடிகட்டி 60 பேராக்கும், சட்டசபைத் தலைவர்கள் பிடிக்காத சில பேரை அடிக்கலாம், ஆனா யாரையும் உள்ள நுழைக்க முடியாது. மிச்சத்துல முதல் 8 பேரைக் குலுக்கல்ல எடுப்பாங்க, அந்த 8 பேர் மீதி 6 பேரைப் பொறுக்குவாங்க. மேப் பாஸாகணும்னா மூணு குரூப்லேர்ந்தும் மூணு மூணு ஓட்டாவது வேணும், ஒரு கட்சி மட்டும் சேந்து தள்ளிட முடியாது. முதல் தடவை போட்ட மேப்லதான் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கத்து 17வது தொகுதி ஆசியர்கள் மெஜாரிட்டியா வந்துச்சு, ஹவாயை விட்டுட்டுப் பாத்தா நாட்டுலயே அதுதான் முதல்.

மிச்சிகன் கதை இன்னும் சுவாரசியம். 2016 நவம்பர்ல கேட்டி ஃபேஹின்னு அரசியல் பின்னணி இல்லாத ஒரு இளம் பொண்ணு, இதை மாத்தணும், யார் வரீங்கன்னு ஃபேஸ்புக்ல ஒரு போஸ்ட் போட்டாங்க. அது இயக்கமா வளந்து நாலு லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கி 2018ல சுமார் 61 சதவீதம் ஓட்டோட பாஸாச்சு. அங்க 13 பேர், எல்லாரும் குலுக்கல்லேர்ந்து, அரசியல்வாதியோ லாபியிஸ்ட்டோ (அரசியல்வாதிங்ககிட்ட காரியம் சாதிச்சுத் தர்றதையே தொழிலா வெச்சிருக்கறவர்) அவங்க நெருங்கின சொந்தமோ வரக்கூடாது.

அரிசோனால 5 பேர்தான், ரெண்டு ரெண்டு கட்சிக்காரங்க, அவங்க சேந்து ஒரு நடுநிலைத் தலைவர். 2011ல மேப் பிடிக்கலைன்னு கவர்னர் ஜேன் ப்ரூவர் அந்தத் தலைவரைத் தூக்கிட்டார், அதே மாசமே ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் திரும்ப உக்கார வெச்சுது. ஐயோவால மேப் போடறது கமிஷன் இல்ல, சட்டசபையோட கட்சி சாராத ஊழியர்கள் வரைவாங்க, எந்த எம்பி வீடு எங்க இருக்குங்கறதைக்கூடப் பாக்கக் கூடாது.

எந்தக் கமிஷன் சொதப்புச்சு?

அரசியல்வாதி கை உள்ள நுழைஞ்ச சிலது. ஓஹையோல கமிஷன்னு பேரு, ஆனா 7 பேரும் அரசியல்வாதிங்க, கவர்னரே ஒரு மெம்பர். 2022ல ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் மேப்பைத் திரும்பத் திரும்ப அடிக்குது, அவங்க திரும்பத் திரும்ப கிட்டத்தட்ட அதையே கொண்டு வராங்க, எலெக்ஷன் தேதி வந்துடுச்சு, அடிபட்ட மேப்லயே எலெக்ஷன் நடந்துடுச்சு. 2024ல குடிமக்கள் கமிஷன் கொண்டு வரலாம்னு ஓட்டுக்கு விட்டாங்க, ஆனா ஓட்டுச்சீட்டுல அந்தப் பிரேரணையை விளக்கி எழுதினவங்க, இந்தக் கமிஷன் ஜெரிமாண்டர் பண்ணியே ஆகணும்ங்கற மாதிரி எழுதி வெச்சுட்டாங்க. தோத்துப் போச்சு. எனக்கு அந்த வாசகத்தைப் படிச்சப்ப சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு.

நியூயார்க்ல 10 பேர் கமிஷன் அஞ்சுக்கு அஞ்சு பிரிஞ்சு நின்னாங்க, டெமாக்ரட் சட்டசபை தனக்கு வேணும்ங்கறபடி போட்டுக்கிச்சு, 2022 ஏப்ரல்ல ஸ்டேட்டோட உச்ச கோர்ட் அதை ரத்து பண்ணி வெளிஆள் ஒருத்தரை வெச்சுப் போட்டுச்சு. வெர்ஜீனியால 16 பேர்ல பாதி எம்எல்ஏக்களே, முட்டிக்கிட்டு நின்னு கடைசில கோர்ட்தான் போட்டுச்சு.

சரி, நல்ல கமிஷன் வந்தா நிஜமாவே எதாவது மாறுதா?

மாறுது. கலிஃபோர்னியாவுல 2001ல ரெண்டு கட்சியும் கூட்டு சேந்து இருக்கற எம்பி எல்லாரும் பத்திரமா இருக்கட்டும்னு ஒரு மேப் போட்டாங்க. 2002லேர்ந்து 2010 வரைக்கும் 53 சீட்டு, அஞ்சு எலெக்ஷன், மொத்தம் 265 போட்டி, கட்சி மாறினது ஒரே ஒரு சீட்டு. கமிஷன் மேப் வந்த முதல் எலெக்ஷன்லயே பல பழைய தலைங்க உருண்டுச்சு. மிச்சிகன்ல 2022ல ரெண்டு சபையும் டெமாக்ரட்ஸ் கைக்கு வந்துச்சு, கிட்டத்தட்ட 40 வருஷத்துல முதல் தடவை.

ஆனா கமிஷன்காரங்க தப்பே பண்ண மாட்டாங்கன்னு நினைக்காதீங்க. அதே மிச்சிகன் கமிஷன் டெட்ராய்ட்டை புறநகரோட கலந்து நீளநீளமா வெட்டுச்சு, கறுப்பின மக்களோட ஓட்டு பலம் கரைஞ்சுடுச்சுன்னு கேஸ், 2023 டிசம்பர்ல 13 சட்டசபைத் தொகுதியை ஃபெடரல் கோர்ட் ரத்து பண்ணுச்சு. இன்னொண்ணு, நியாயமான மேப்னா சீட்டு பாதிப் பாதி வரும்னு அர்த்தம் இல்ல. ஐயோவோட நாலு சீட்டும் இப்ப ரிபப்ளிகன்ஸ்தான், மேப்ல குறை சொல்ல ஒண்ணும் பெருசா இல்ல.

2025ல ஏன் திடீர்னு எல்லாரும் மேப்பை மாத்தினாங்க, சென்சஸ்கூட இல்லையே?

நடுவுல மாத்தக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம் எதுவும் இல்ல. 2003லயே டெக்சாஸ் இதைப் பண்ணிருக்கு, அப்பவும் எம்எல்ஏக்கள் ஓக்லஹோமாவுக்கு ஓடினாங்க. சபை நடத்தக் குறைஞ்சபட்ச ஆள் இல்லாம பண்றதுக்குத்தான் இந்த ஓட்டம், கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், நிறுத்த முடியாது. 2025ல ட்ரம்ப் கேட்டுக்கிட்டபடி டெக்சாஸ் இன்னும் 5 ரிபப்ளிகன் சீட்டு வர மாதிரி மாத்துச்சு. மிசோரி, எங்க நார்த் கரோலினா எல்லாம் பின்னாடியே.

பதிலுக்கு கலிஃபோர்னியா என்ன பண்ணுச்சு தெரியுமா? நவம்பர்ல ப்ரொபோசிஷன் 50ன்னு ஓட்டுக்கு விட்டு, கமிஷன் போட்ட காங்கிரஸ் மேப்பை 2030 வரைக்கும் ஓரமா வெச்சுட்டு டெமாக்ரட்ஸ்க்கு 5 சீட்டு கூடற மேப்பைக் கொண்டு வந்துட்டாங்க, சுமார் 64 சதவீதம் பேர் ஆமான்னு குத்தினாங்க. நாட்டுலயே நல்ல கமிஷன்னு நான் மேல பாராட்டி எழுதினேனே, அதேதான். எனக்கு இதுல மனசு ரெண்டா நிக்குது. எதிராளி கத்தி எடுத்தா நான் மட்டும் கையைக் கட்டிக்கணுமான்னு கேக்கறது புரியுது, ஆனா 2008ல அவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்தது ஒரு கோடைக்காலத்துல போச்சேன்னு வயித்தெரிச்சலாவும் இருக்கு. ஒரு ஸ்டேட் மட்டும் ஒழுங்கா இருந்தா அந்த ஸ்டேட்தான் நஷ்டப்படுது, அடிப்படைக் கோளாறு அங்கதான்.

ஒரே ஒரு ஆச்சரியம் இண்டியானா. அங்கயும் மாத்தச் சொல்லி எவ்வளவோ நெருக்கினாங்க, டிசம்பர்ல அந்த ஸ்டேட் செனட்டோட ரிபப்ளிகன்ஸே 21 பேர் டெமாக்ரட்ஸோட சேந்து 31க்கு 19ன்னு தோற்கடிச்சுட்டாங்க.

50 ஸ்டேட்டுக்கும் ஒரே சட்டம் போட்டா முடிஞ்சுதே?

போடலாம், அரசியல் சாசனம் காங்கிரஸுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கு. 2021 மார்ச்ல பிரதிநிதிகள் சபை, எல்லா ஸ்டேட்லயும் சுதந்திரமான கமிஷன் வேணும்னு ஒரு பெரிய மசோதாவைப் பாஸ் பண்ணுச்சு. செனட்ல 60 ஓட்டு தேறாம நின்னு போச்சு.

நான் எச்1பி விசாவுல இருக்கேன், ஓட்டே இல்ல, எனக்கு இதுல என்ன?

சென்சஸ்ல நீங்களும் ஒரு தலை, விசா என்னன்னு பாத்து எண்றதில்ல, உங்க தலையை வெச்சுத்தான் உங்க ஸ்டேட்டுக்கு சீட்டு. அப்புறம் கமிஷன் இருக்கற ஸ்டேட்ல பொதுக்கூட்டம் போட்டும் ஆன்லைன்லயும் கருத்து கேப்பாங்க. எங்க ஏரியா, எங்க ஸ்கூல், எங்க கோயில், எங்க கடைத்தெரு எல்லாம் ஒரே பகுதி, நடுவுல வெட்டாதீங்கன்னு எழுதலாம், அதுக்கு மதிப்பு உண்டு. பொழுது போகலைன்னா டேவ்ஸ் ரீடிஸ்ட்ரிக்டிங்னு ஒரு இலவச சைட் இருக்கு, உங்க ஸ்டேட்டுக்கு நீங்களே மேப் போட்டுப் பாக்கலாம். நான் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து நார்த் கரோலினாவுக்கு நேர்மையா ஒண்ணு போட முயற்சி பண்ணேன், மூணு மணி நேரம் ஆச்சு, கடைசில ஒரு தொகுதி ரெண்டு துண்டா நின்னுச்சு.

அது கெரிமாண்டரா, ஜெரிமாண்டரா?

அந்த கவர்னர் தன் பேரை கெரின்னுதான் சொல்லிக்கிட்டார், வார்த்தையை மட்டும் ஜனங்க ஜென்னு மாத்திட்டாங்க. எப்படிச் சொன்னாலும் புரியும், என் பையன் மட்டும் நான் ஒவ்வொரு தடவை சொல்றப்பவும் திருத்தறான்.